மூன்று கோடைகளும் ஒரு வீட்டுக்காரரும்

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போக்ஸ்டன் துறைமுகத்தில் நீராவிக் கப்பல் ஏறினால், காற்றும் அலையும் அனுகூலமாயிருக்கும் நாளில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கரை சேர்ந்துவிடக்கூடிய புலோன் என்னும் பிரெஞ்சுப் பட்டணத்துக்கு, 1853-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஓர் ஆங்கிலக் குடும்பம் கோடையைக் கழிக்க வந்து சேர்ந்தது. குடும்பத் தலைவருக்கு வயது நாற்பத்தொன்று. லண்டனில் சிறுநீரக உபாதையால் வருந்திப் படுக்கையிலிருந்து அப்போதுதான் எழுந்தவர். ஒன்பது குழந்தைகளுக்குத் தகப்பனார். கடைக்குட்டிக்கு ஒரு வயது. அவர்தாம் சார்லஸ் டிக்கன்ஸ். அந்தக் கோடையோடு நில்லாமல் 1854-லும் 1856-லும் அவர் குடும்பத்தோடு அங்கேயே திரும்பி வந்தார் என்றால், அதற்குக் கடற்காற்று மாத்திரம் காரணமன்று.

அவர்கள் குடியிருந்த வீடு ஒரு குன்றின் சரிவில், இளமரத் தோப்பைப் பின்னணியாகக் கொண்டு நின்றது. எதிரே பார்த்தால், பழைய கோட்டை மதிலுக்குள் அடங்கிய மேலூரும், கட்டி முடியாமல் நின்ற பெரிய தேவாலயமும் தெரியும். முற்றத்தில் இறங்கினால் ஆயிரக்கணக்கான ரோஜாக்கள். இந்த வீட்டுக்கும் அதைச் சூழ்ந்த நிலத்துக்கும் உடையவர் பெர்தினான் பொகூர் மூத்துயேல் என்பவர். தமது நிலத்தின்மேல் அவருக்கிருந்த பாசம், பெற்ற பிள்ளையின்மேல் தாய்க்கிருக்கும் பாசத்தைப் போன்றது. விடியற்காலையில் தொழிலாளியின் உடுப்பில், வியர்வை சொட்டச் சொட்டத் தோட்டத்தில் மண் வெட்டிக்கொண்டிருப்பார். மாலையில் அதே மனிதர் கனவானுக்குரிய உடையில் கம்பீரமாக வந்து நிற்பார். இன்னும் ஒரு கட்டில் வேண்டும், முகம் கழுவ ஒரு மேஜை வேண்டும் என்று வாய் திறந்தால் போதும், மறுகணமே அது வந்து சேர்ந்துவிடும். ஆகையால் அவரிடம் எதையும் கேட்கவே தமக்குக் கூச்சமாயிருக்கிறதென்று டிக்கன்ஸ் நண்பருக்கு எழுதினார்.

பொகூருக்கு நெப்போலியன் தெய்வம் போல. வீடு முழுவதும் சக்கரவர்த்தியின் படங்கள், பதக்கங்கள், மார்பளவுச் சிலைகள். குடிவந்த முதல் மாதத்தில், இருட்டு மூலையிலுள்ள அலமாரியை யாராவது தொட்டால்கூட நெப்போலியன் தடாலென்று கீழே விழுந்து வைப்பார் என்று டிக்கன்ஸ் வேடிக்கையாக வருணித்திருக்கிறார். இங்கிலாந்தின்மீது படையெடுப்பதற்காக நெப்போலியன் தமது மகாசைனியத்தைத் திரட்டிப் பாசறை இறக்கியிருந்தது இதே புலோன் குன்றுகளின்மேல்தான் என்பதையும், அதன் ஞாபகார்த்தமான ஸ்தம்பம் இன்றும் அங்கே நிற்கிறது என்பதையும் நினைத்துப் பார்க்கும்போது, ஐம்பதே ஆண்டுகளுக்குள் அந்தச் சிலைகளின் நடுவே ஓர் ஆங்கிலேயரின் குழந்தைகள் ஓடி விளையாடினார்கள் என்பது என் மனத்தை மிகவும் நெகிழச் செய்கிறது.

புலோனில் அக்காலத்தில் ஆங்கிலேயருக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்கென்று பள்ளிக்கூடம் இருந்தது. டிக்கன்ஸின் புதல்வர்களில் சிலரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் டிக்கன்ஸ் தம் கூட்டத்தாரோடு மாத்திரம் சகவாசம் வைத்துக்கொள்ளவில்லை. மதிற்சுவரின் மேலும், சந்தையிலும், துறைமுகத்திலும் ஓயாமல் நடந்தார்; கண்டதையெல்லாம் 1854-ஆம் வருஷம் நவம்பரில் தமது வாரப் பத்திரிகையில் ஒரு நீண்ட கட்டுரையாக வெளியிட்டார். அதில் அவர் மனத்தைப் பறிகொடுத்து எழுதியிருப்பது செம்படவர்களைப் பற்றி. அவர்கள் தனிச் சமூகம். பட்டணத்தில் தனிப் பகுதி, பாறைக் குன்றுகளின்மேல் தனிக் கிராமங்கள், தனிக் கோயில்கள், தங்களுக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை. நடக்கத் தொடங்கிய உடனேயே ஆண் குழந்தையின் தலையில் நீண்ட சிவப்புக் குல்லாய் ஏறிவிடும். அது இல்லாமல் எவனும் கடலுக்குப் போகமாட்டான். கீலும் உப்பும் ஊறி விறைத்த துணியில் தைத்த உடுப்பு ஆதலால் அவர்களுடைய நடையே தனி நடையாயிருந்தது. படகுகள் கரை திரும்பும் வேளையில், இளம்பெண்கள் காதில் பொன் குழை அசைய, வெறுங்காலோடு அலைக்குள் இறங்கித் தங்கள் கூடைகளைப் படகுக்குள் வீசியெறிந்து, முதல் மீனுக்கு முந்திக்கொள்வார்கள். கிழவிகளோ பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, காலை முதல் இரவு வரையில் காலுறை பின்னிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெண்கள் விசேஷ நாட்களில் முகத்தைச் சுற்றிக் கதிர் வீசுவது போல் அணியும் சரிகைப் பின்னல் தலையணிக்குச் சூரியன் என்றே பெயர். இன்றைக்கும் பிரான்ஸில் மீன்பிடித் துறைமுகங்களுள் முதன்மையானது புலோன்தான்.

இரண்டாவது கோடையில் ஊரே பாசறையாக மாறியிருந்தது. கிரிமிய யுத்த காலம். பிரான்ஸும் இங்கிலாந்தும் அப்போது நேசநாடுகள். செப்டம்பரில் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் அங்கு விஜயம் செய்தார். சாலையில் உலாவச் சென்ற டிக்கன்ஸ், அப்போதைய பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனும் ஆல்பர்ட்டும் எதிரே வரக் கண்டு தொப்பியை எடுத்து மரியாதை செய்ய, அவர்களும் தங்கள் தொப்பியை எடுத்துப் பதில் மரியாதை செய்தார்கள். ஊர் தீபாலங்காரம் செய்த இரவில் டிக்கன்ஸ் வீட்டாரும் பின்வாங்கவில்லை. ஜன்னல்களிலெல்லாம் நூற்றுக்கு மேற்பட்ட மெழுகுவத்திகளை நிறுத்தி, மணியடித்ததும் குழந்தைகளும் விருந்தாளிகளும் வேலையாட்களும் ஒரே சமயத்தில் ஏற்றினார்கள். குன்றின்மேல் நின்ற அந்த வீடு அன்றிரவு வெகுதூரத்துக்குத் தெரிந்திருக்கும்.

எனினும் என் நினைவு திரும்பத் திரும்பப் போய் நிற்பது வேறோர் இடத்தில். ஆங்கிலச் சட்டம் கடனாளியைச் சிறையில் அடைத்த காலம் அது. புலோனிலிருந்த ஆங்கிலேயர் பலர் கடன்காரருக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவர்கள். டிக்கன்ஸின் தகப்பனாரும் 1824-ல் கடனுக்காக லண்டன் மார்ஷல்சி சிறையில் அடைபட்டவர். அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுவனான மகன் பூட்ஸ் மையின் குப்பிகளுக்குத் தாள் ஒட்டிக் கூலி வாங்கினான். அந்தச் சிறையையே களமாக வைத்து எழுதிய 'லிட்டில் டாரிட்' நாவலின் ஒரு பகுதியை 1856-ஆம் வருஷக் கோடையில் பொகூரின் வீட்டிலிருந்தே எழுதினார். அந்த வீட்டுக்காரரோ, வாடகையைக் கொடாமலே போய்விட்ட ஆங்கிலக் குடித்தனக்காரர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் கோபிக்க மாட்டார். அவர்களுடைய கஷ்டத்தை நினைத்து இரக்கப்படுவார். கடனாளியின் மகனாகப் பிறந்து, பணம் கேட்டு வாசலில் நிற்பவர்களின் முகத்தைப் பால்யத்திலேயே பார்த்துவிட்ட ஒருவருக்கு இந்த மனிதரின் அருகில் வாழ்வது எவ்வளவு பெரிய ஆறுதலாயிருந்திருக்கும்! ஒரு தேசத்தாரை நேசிப்பதற்கு அவர்களுடைய சரித்திரத்தைக் கற்பதைவிட, அவர்களில் ஒருவரிடம் குடியிருப்பது மேலான வழி என்று எனக்குத் தோன்றுவது இந்தக் கதையினால்தான்.

அந்த மூன்றாவது கோடை கலவரத்தில் முடிந்தது. தொண்டையடைப்பான் நோய் ஊரில் பரவிற்று; டிக்கன்ஸின் நண்பரான எழுத்தாளர் கில்பர்ட் அ பெக்கெட் ஆகஸ்டு கடைசியில் அங்கேயே காலமானார். டிக்கன்ஸ் பதறிப்போய்க் குழந்தைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். இரண்டு வருஷங்களில் அவரும் மனைவியும் பிரிந்தார்கள். அந்தக் குடும்பம் ஒன்றுசேர்ந்து கழித்த புலோன் கோடைகள் அவ்வளவே.

ஆனால் சிநேகம் அறவில்லை. பின்னாளில் பொகூர், புலோனுக்குத் தெற்கேயுள்ள கோந்தெத் என்ற கிராமத்தில் குடியேறியபோது, 1860-களில் டிக்கன்ஸ் அங்கே அவருடைய சிறு வீட்டுக்கு வந்து தங்குவது வழக்கமாயிற்று. பொகூர் அடக்கமாகியிருப்பதும் அந்தக் கிராமத்தில்தான். அவருடைய கல்லறையின்மேல், அவரைப் போன்ற மென்மையும் அன்பும் நிறைந்த உள்ளத்தைத் தாம் கண்டதேயில்லை என்ற பொருளில் அவருடைய குடித்தனக்காரர் எழுதிய ஒரு வாக்கியத்தைப் பொறித்திருக்கிறார்கள்.