அமர்வுத் தரவுப் பகிர்வு

அமர்வுத் தரவுப் பகிர்வு என்பது ஒரு வலைச் செயலியிலுள்ள வெவ்வேறு காட்சிச் செயற்கூறுகள், ஒரே பயனர் குறித்த தற்காலிகத் தகவல்களைத் தமக்குள் பொதுவாகப் பயன்படுத்திக்கொள்ளும் முறை ஆகும். உலாவியிலிருந்து வரும் ஒரு கோரிக்கையைப் பெற்று, அதற்குரிய பக்கத்தை மறுமொழியாகத் தரும் நிரற்பகுதி காட்சிச் செயற்கூறு எனப்படுகிறது. பைத்தான் நிரலாக்க மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ (2005), ஃபிளாஸ்க் (2010) ஆகிய வலைச் சட்டகங்களில் இச்சொல் வழக்கிலுள்ளது. பயனர் ஒரு பக்கத்தில் தந்த தகவல் அவருடைய அடுத்த பக்கத்திலும் கிடைக்க வேண்டும். அதே தகவல் வேறொரு பயனருக்குக் கிடைத்துவிடவும் கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவதே இம்முறையின் நோக்கமாகும்.

பின்னணி

இணையப் பக்கங்களைக் கொண்டுசெல்லும் மீயுரை பரிமாற்ற நெறிமுறை (எச்.டி.டி.பி.) நினைவற்றது. அதாவது, ஒவ்வொரு கோரிக்கையையும் வழங்கி தனித்த ஒன்றாகவே கருதுகிறது. ஒரு நிமிடத்திற்கு முன்பு வந்தவரே மீண்டும் வந்திருக்கிறார் என்பதை அறியும் வழி அந்நெறிமுறையின் அடிப்படை வடிவில் இல்லை. இக்குறையை நீக்க, 1994 ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டுல்லி குக்கி என்னும் உத்தியை உருவாக்கினார். வழங்கி அனுப்பும் ஒரு சிறு தகவலை உலாவி சேமித்து வைத்துக்கொண்டு, பின்னர் அத்தளத்திற்குச் செல்லும் ஒவ்வொரு கோரிக்கையுடனும் அதைத் திருப்பி அனுப்பும். அமர்வுகள் பெரும்பாலும் இவ்வுத்தியின் மீதே அமைந்துள்ளன.

எடுத்துக்காட்டு: தொடர்வண்டி முன்பதிவு

இந்திய இரயில்வேயின் துணை நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி. 2002 ஆகஸ்ட் 3 அன்று இணையவழிப் பயணச்சீட்டு முன்பதிவைத் தொடங்கியது. அதுபோன்ற ஒரு தளத்தை நாம் எழுதுவதாகக் கொள்வோம். வேலூர் மாவட்டம் பள்ளிகொண்டாவைச் சேர்ந்த ஒருவர் காட்பாடிச் சந்திப்பிலிருந்து சென்னைக்குப் பயணச்சீட்டு எடுக்க விரும்புகிறார். அவர் மூன்று பக்கங்களைக் கடக்க வேண்டும்:

1. வண்டியையும் நாளையும் தேர்ந்தெடுத்தல்
2. பயணிகளின் பெயர், அகவை முதலியவற்றை உள்ளிடல்
3. கட்டணம் செலுத்துதல்

ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு காட்சிச் செயற்கூறு உண்டு. முதற் செயற்கூறு தன் பணியை முடித்தவுடன் அதன் உள் மாறிகள் அழிந்துவிடும். எனவே எந்த வண்டி, எந்த நாள் என்பவற்றை மூன்றாம் செயற்கூறு தானாக அறிய இயலாது.

முழுதளாவிய மாறியின் சிக்கல்

இதற்குத் தீர்வாக, எல்லாச் செயற்கூறுகளும் அணுகக்கூடிய முழுதளாவிய மாறி ஒன்றில் விவரங்களை வைப்பது புதிய நிரலர்களுக்கு எளிதாகத் தோன்றும். நிரலர் தம் கணினியில் தனியாகச் சோதிக்கையில் இது சரியாகவே இயங்கும். ஏனெனில் அங்கு பயனர் ஒருவரே.

உண்மையான பயன்பாட்டில் நிலைமை வேறு. பள்ளிகொண்டாப் பயணி பெயர்களை உள்ளிட்டுக்கொண்டிருக்கும்போதே, ஆம்பூரிலுள்ள மற்றொருவர் பெங்களூர் வண்டியைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஒரே மாறியில் பழைய மதிப்பு அழிந்து புதிய மதிப்பு எழுதப்படும். முதலாமவர் பெங்களூர் செல்லும் வண்டிக்குப் பணம் செலுத்த நேரிடும்; இரண்டாமவரின் பெயரும் அகவையும் அவருக்குத் தெரியவரவும் கூடும். இப்பிழை கூட்டம் மிகும்போதே வெளிப்படுவதால், தட்கல் முன்பதிவு தொடங்கும் காலை நேரம் போன்ற, பிழையைப் பொறுக்கவியலாத வேளைகளிலேயே பெரும்பாலும் தலைகாட்டும்.

மேலும், பெரிய தளங்களில் ஒரே நிரல் பல படிகளாகப் பல வழங்கிகளில் இயங்கும். முதற் கோரிக்கை ஒரு வழங்கிக்கும் அடுத்த கோரிக்கை மற்றொரு வழங்கிக்கும் சென்றால், முன்னதன் நினைவகத்தில் உள்ள மாறி பின்னதற்குக் கிட்டாது.

செயற்படும் முறை

அமர்வு முறையில் தரவு செயற்கூறுகளுக்கு வெளியே, பயனர்வாரியாகப் பிரித்து வைக்கப்படுகிறது. அதன் படிகள் வருமாறு:

1. முதற் கோரிக்கையின்போது வழங்கி, பிறர் ஊகிக்க இயலாத நீண்ட அடையாளக் குறி ஒன்றை உருவாக்குகிறது.
2. அக்குறி குக்கியாக உலாவிக்கு அனுப்பப்படுகிறது.
3. பயனரின் தரவு, அக்குறியின் பெயரில் வழங்கியின் சேமிப்பிடத்தில் எழுதப்படுகிறது.
4. அடுத்த கோரிக்கையுடன் குறி திரும்பி வருகிறது. காட்சிச் செயற்கூறு தொடங்குமுன் சட்டகம் உரிய தரவைத் தேடி எடுத்து வைக்கிறது.

ஜாங்கோவில் ஒவ்வொரு காட்சிச் செயற்கூறும் பெறும் கோரிக்கைப் பொருளுடன் அமர்வு இணைக்கப்பட்டிருக்கும். ஃபிளாஸ்க்கில் அமர்வு, முழுதளாவிய மாறியைப் போலத் தோற்றமளிக்கும். எனினும் ஒவ்வொரு கோரிக்கையின்போதும் அது அக்கோரிக்கைக்குரிய தரவையே சுட்டும்.

சேமிப்பிடங்கள்

ஜாங்கோ இயல்பாக அமர்வுத் தரவைத் தரவுத்தளத்தில் சேமிக்கிறது. விரைவு தேவைப்படும் தளங்கள் ரெடிஸ் போன்ற நினைவகச் சேமிப்பிடங்களைப் பயன்படுத்துகின்றன. ஃபிளாஸ்க் இயல்பாக முழுத் தரவையும் கையொப்பமிட்ட குக்கியாக உலாவியிலேயே வைக்கிறது. கையொப்பம் இருப்பதால் பயனர் அதை மாற்றினால் வழங்கி கண்டுபிடித்துவிடும்; ஆயினும் அது மறையாக்கம் செய்யப்படாததால் உள்ளடக்கத்தைப் படித்துவிட முடியும். எனவே அதில் கமுக்கமான தகவல்களை வைத்தல் ஆகாது. குக்கியின் அளவும் ஏறத்தாழ 4 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும்.

நிரலர் கவனிக்க வேண்டியவை

உள்ளடங்கிய பட்டியல்கள்: அமர்வில் வைத்த பயணிகள் பட்டியலில் இரண்டாவது பயணியைச் சேர்த்தால், அம்மாற்றத்தை ஜாங்கோவும் ஃபிளாஸ்க்கும் தாமாக உணர்வதில்லை. அமர்வின் மேல்நிலை மதிப்பு மாறினால் மட்டுமே அவை உணரும். அமர்வு மாறியுள்ளது என நிரலர் வெளிப்படையாகக் குறிக்காவிடின், அடுத்த பக்கத்தில் ஒரு பயணி மட்டுமே இருப்பார்.

இரு தாவல்கள்: ஒரே உலாவியின் எல்லாத் தாவல்களும் பொதுவாக ஒரே அமர்வைப் பகிர்கின்றன. ஒரு தாவலில் சென்னை வண்டியையும் மற்றொன்றில் பெங்களூர் வண்டியையும் பார்ப்பவருக்கு, இறுதியில் தேர்ந்தெடுத்ததே இரண்டிலும் நிலைக்கும். ஒவ்வொரு முன்பதிவுக்கும் தனி எண் தந்து, அவ்வெண்ணைப் பக்கத்தின் முகவரியில் வைப்பது இதற்குத் தீர்வாகும்.

நிலையான தரவு: பணம் செலுத்தப்பட்ட பயணச்சீட்டு அமர்வில் இருத்தல் கூடாது, தரவுத்தளத்தில் பதியப்பட வேண்டும். அமர்வு காலாவதியானால் அழிந்தாலும் பெரும் இழப்பில்லாதவையே அமர்வுக்கு உரியவை.

பாதுகாப்பு

அடையாளக் குறியை வைத்திருப்பவரையே உரிய பயனராக வழங்கி கருதும். ஆகவே குறியைக் கவர்ந்தவர் கடவுச்சொல் இன்றியே கணக்கினுள் நுழையலாம். இது அமர்வுக் கடத்தல் எனப்படும். 2010 அக்டோபரில் வெளியான ஃபயர்ஷீப் என்னும் உலாவி நீட்சி, திறந்த வைஃபை வலையமைப்பில் மறையாக்கமின்றிச் செல்லும் குக்கிகளைப் பிடித்து இதைச் செய்துகாட்டியது. மறையாக்கப்பட்ட இணைப்பில் மட்டும் குக்கியை அனுப்புதல், பக்கத்திலுள்ள நிரல்கள் குக்கியைப் படிக்காவண்ணம் தடுத்தல், பயனர் புகுபதிகை செய்தவுடன் குறியை மாற்றுதல் ஆகியவை வழக்கமான காப்புகளாகும்.

ஒருவருக்குரிய பக்கம் மற்றொருவருக்குச் செல்லும் பிழை பெருநிறுவனங்களிலும் நேர்ந்துள்ளது. 2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் விளையாட்டுத் தளத்தில் தற்காலிகச் சேமிப்பின் தவறான அமைப்பினால், ஏறத்தாழ 34,000 பயனர்களின் தனிப்பட்ட விவரங்கள் அடங்கிய பக்கங்கள் பிறருக்குக் காட்டப்பட்டிருக்கக்கூடும் என அந்நிறுவனம் அறிவித்தது. 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடி சேவையில், ரெடிசுடன் தொடர்புகொள்ளும் நிரலகத்தின் பிழையால் சிலருக்குப் பிறருடைய உரையாடல் தலைப்புகள் தெரிந்தன.

பொதுக் கணினிகள்

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியாக நடைபெறுகிறது. வீட்டில் கணினி இல்லாத மாணவர்கள் சேவை மையங்களிலோ உலவல் மையங்களிலோ ஒரே கணினியை ஒருவர்பின் ஒருவராகப் பயன்படுத்துவதுண்டு. அமர்வு உலாவியை அடையாளம் காண்கிறதேயன்றி, அதன் முன் அமர்ந்திருக்கும் ஆளை அன்று. முன்னவரின் அமர்வு முடிக்கப்படாவிடின், பின்னவர் அவருடைய கல்லூரி விருப்பப் பட்டியலைக் காணவும் மாற்றவும் வாய்ப்புண்டு.

உலாவியை மூடுவது எப்போதும் போதாது. ஜாங்கோவில் அமர்வின் இயல்பான ஆயுள் இரண்டு வாரங்கள். உலாவியை மூடினாலும் அது தொடரும். எனவே பயனர் விடுபதிகை செய்தே எழ வேண்டும். நிரலரும், விடுபதிகையின்போது வழங்கியிலுள்ள தரவை அழிப்பதுடன், சிறிது நேரம் செயற்பாடு இல்லாத அமர்வைத் தானே முடியுமாறு அமைத்தல் வேண்டும்.