மகிழடி: ஒற்றியூரின் திறந்தவெளி மேடை

நாடக மரபு என்றால் சபாக்களையே நினைக்கிறோம். அவற்றைவிடப் பல நூற்றாண்டு மூத்த மேடை திருவொற்றியூர்க் கோயிலின் இந்த மகிழ மரத்தடி. மாசித் திருவிழாவில் இன்றும் இங்கே மகிழடி சேவை நடக்கிறது.

அந்தச் சேவைக்குப் பின்னுள்ள கதையின் முடிச்சு எந்த நாடகாசிரியரும் பொறாமைப்படக்கூடியது. 'உன்னைப் பிரியேன்' என்று, தான் மணக்கவிருக்கும் சங்கிலியாருக்குச் சன்னதியில் சத்தியம் செய்ய வேண்டும். அந்த நேரம் மட்டும் மகிழ மரத்துக்குப் போய்விடும்படி இறைவனைக் கேட்டுக்கொள்கிறார் சிவனடியாரான சுந்தரர். இறைவனோ சங்கிலியாரின் கனவில் வந்து, மரத்தடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்லிவிடுகிறார்! மாட்டிக்கொண்ட சுந்தரர் சத்தியம் செய்தார். பின்பு அதை மீறி ஊர் எல்லை தாண்டியதும் பார்வை இழந்தார்.

12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசாதிராச சோழன் பங்குனி உத்திர விழாவில் சுந்தரர் புராணம் கேட்டதை இக்கோயில் கல்வெட்டு சொல்கிறது. மூன்றாம் இராசராசன் காலத்தில், ஆவணித் திருநாளில் அரசன் முன்பு பாடிய உறவாக்கின தலைக்கோலியின் பெயரால் 60 வேலி நிலம் விடப்பட்டது. அது இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நிற்கும் மணலியில்தான். தலைக்கோலி என்பது ஆடல்மகளிர் பெற்ற உயர்ந்த பட்டம்.

இவற்றையெல்லாம் நமக்குச் சொல்லும் கல்வெட்டுச் சுவர்களில் எண்ணெய், குங்குமம், சுண்ணாம்பு பூசாதீர்கள்.