காய் கனியாகும் காலம்

மாம்பழக் காலத்தில் நம் உப்பூர்ப் பகுதிச் சந்தைகளிலும் பொன்னிறப் பழங்கள் கண்ணைக் கவர்கின்றன. வாங்கி வந்து அறுத்தாலோ, சில பழங்கள் உள்ளே வெளிறிப் புளிக்கின்றன. தோல் பழுத்தும் சதை பழுக்காதது ஏன்?

காய் கனிவது தற்செயலாக நிகழ்வதன்று. காய் முற்றியதும் அதன் உயிரணுக்களிலுள்ள சில ஜீன்கள் செயற்படத் தொடங்குகின்றன. அவற்றின் ஏவலால் எத்திலீன் என்னும் வாயு உண்டாகிறது. இது தாவர ஹார்மோன்களுள் ஒன்று. பழங்கள் இதனைத் தாமே வெளிவிடுகின்றன என்பதை 1934-இல் இங்கிலாந்து அறிஞர் ரிச்சர்டு கேன் ஆப்பிளைக் கொண்டு மெய்ப்பித்தார். இவ்வாயுவின் தூண்டுதலால் வேறு பல ஜீன்களும் விழிக்கின்றன. பச்சையம் மறைகிறது, மாவுப்பொருள் சர்க்கரையாகிறது, சதை இளகுகிறது, மணம் பிறக்கிறது.

மாங்காயை அரிசிப் பானையில் புதைத்த நம் பாட்டிமார் இவ்வாயுவைச் சிதறாமல் காத்தனர். வாழைத்தாருக்கு மூட்டம் போட்டவர்கள் புகையிலுள்ள எத்திலீனைப் பயன்படுத்தினர். இறைவாக்கினர் ஆமோஸ் காட்டத்தி மரங்களைப் பேணியவர். அவர் அத்திக்காய்களைக் கீறுபவர் என்று பழைய கிரேக்க மொழிபெயர்ப்புக் குறிக்கிறது. கீறிய காயில் எத்திலீன் பெருகும் என்பதை இக்கால ஆய்வு விளக்குகிறது.

பழுப்பதைத் தாமதப்படுத்தவும் இயலும். புதுதில்லியிலுள்ள தேசியத் தாவர மரபணு ஆய்வு நிறுவன அறிஞர்கள், இரு ஜீன்களை அடக்கிய தக்காளி 45 நாள்வரை கெட்டியாக இருந்ததென 2010-இல் அறிவித்தனர்.

ஆனால் கார்பைடு கல்லின் கதை வேறு. ஈரம் பட்டதும் அது அசெட்டிலீன் வாயுவை வெளியிடும். அவ்வாயு எத்திலீனைப் போல் நடித்து, முற்றாத காயின் தோலுக்கும் நிறம் ஏற்றிவிடும். சுவை மட்டும் வாராது. அக்கல்லில் ஆர்செனிக் நஞ்சும் கலந்திருக்கக்கூடும். ஆதலால் அதனைக் கொண்டு பழுக்கவைப்பதைச் சட்டம் தடை செய்துள்ளது. பத்து இலட்சம் பங்கு காற்றுக்கு 100 பங்கு வரை எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த 2016-இல் அனுமதி வழங்கப்பட்டது. எனினும் கார்பைடு அறவே ஒழிந்தபாடில்லை.

தாய்மார்களே, முற்றிய காயை வாங்கி, ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு மூடி வையுங்கள். சில நாள்களில் கனியும். பழ வணிகம் செய்யும் சகோதரர்களே, எடையில் குறைப்பது மட்டும் களவன்று; காயைக் கனியென்று விற்பதும் களவே. அதை உண்பது ஏதுமறியாப் பிள்ளைகள் என்பதை மறவாதீர்கள். கனிக்கு இறைவன் குறித்த காலம் உண்டு. அதற்குக் காத்திருப்பதில் நமக்கு நட்டம் ஏதுமில்லை.