பழைய பந்தயக் காருக்குப் புதிய எண்ணெய் ஒத்துப்போகுமா?

இங்கிலாந்தில் உள்ள குட்வுட் பந்தயத் தடத்தில் 1998 முதல் செப்டம்பர் மாதந்தோறும் ஒரு போட்டி நடக்கிறது. 1966-ஆம் ஆண்டுக்குப் பிந்திய கார்களுக்கு அங்கே இடமில்லை. அறுபது எழுபது வயதான ஜாகுவார், ஃபெராரி, லோட்டஸ் கார்கள்தாம் களத்தில் இறங்குகின்றன. கண்காட்சிக்கு வந்தவைபோல் மெல்ல உருண்டு போகும் என்று நினைத்துவிடாதீர்கள். முழு வேகத்தில், ஒன்றை ஒன்று உரசாத குறையாக ஓடுகின்றன.

அவற்றுள் ஒன்றான ஜாகுவார் இ-டைப் நம் வட்டாரத்துக்கும் பழக்கமானதுதான். 1961 முதல் 1973 வரை சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் நடந்த கிராண்ட் பிரியில், 1962-இல் முதலாவதாக வந்தது அந்த வகைக் கார்.

இத்தகைய எஞ்சின்களில் ஒரு பாகம் பழுதானால் அதைப் புதிதாகக் கடைந்தெடுக்க வேண்டிய நிலைகூட வரலாம். ஆகவே, உள்ளே எந்த எண்ணெயை ஊற்றுவது என்பது வெறும் அரட்டைக்கான கேள்வி அன்று. பழைய கார் வைத்திருப்பவர்கள் இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். "சிந்தெட்டிக் ஊற்றினால் எஞ்சின் ஒழுகும், கேம் தேயும்" என்பது ஒரு கட்சி. "விலை கூடிய எண்ணெய் கெடுதலா செய்யும்?" என்பது மற்றொன்று. என்னைக் கேட்டால், இருவருமே டப்பாவில் தவறான சொல்லைப் படிக்கிறார்கள்.

எஞ்சின் எண்ணெயில் இரண்டு பகுதிகள் உண்டு. பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். மீதி அதில் கரைத்த வேதிச் சேர்மங்கள். 'சிந்தெட்டிக்' என்ற சொல் முதல் பகுதியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பழைய எஞ்சினின் ஆயுளோ பெரும்பாலும் இரண்டாவதைப் பொறுத்தது.

முதலில் அடிப்படை எண்ணெயைப் பார்ப்போம். கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் கனிம எண்ணெயில் நீளம், குட்டை, கிளைவிட்டது, வளையமானது என எல்லா உருவத்திலும் மூலக்கூறுகள் கலந்திருக்கும். சூடேறினால் சிறியவை ஆவியாகும். குளிர்ந்தால் மெழுகுத்தன்மை கொண்டவை உறையும். சிந்தெட்டிக்கில் பெயர்பெற்ற பாலிஆல்ஃபாஒலிஃபின் அப்படியல்ல. எத்திலீன் வாயுவிலிருந்து டெசீன் என்னும் பத்துக் கார்பன் சங்கிலியைச் செய்து, அவற்றில் மூன்று நான்கை ஒன்றாகக் கோத்து உருவாக்கியது. மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே சாயலில் இருப்பதால் கடும் வெப்பத்திலும் அவ்வளவு எளிதில் இளகிப்போகாது. எண்ணெய் 120 பாகை செல்சியசைத் தாண்டும் பந்தயத்தில் இது பெரிய வரம்.

ஆனால் கடையில் சிந்தெட்டிக் என்று விற்பவை எல்லாம் இப்படிக் கோத்தவை அல்ல. கனிம எண்ணெயை ஹைட்ரஜனோடு சேர்த்துக் கடுமையாகப் பக்குவப்படுத்தியதையும் அப்பெயரில் விற்கலாம் என்று 1999-இல் அமெரிக்க விளம்பரத் தீர்ப்பு ஒன்று வழிவிட்டது. வழக்குத் தொடுத்தது மொபில், வென்றது காஸ்ட்ரோல்.

அந்தக் காஸ்ட்ரோல் என்ற பெயரே 'காஸ்டர் ஆயில்', அதாவது நம் வீட்டு ஆமணக்கு எண்ணெயிலிருந்து பிறந்தது. 1909-இல் சார்ல்ஸ் வேக்ஃபீல்டின் நிறுவனம் ஆமணக்கெண்ணெய் சேர்த்துத் தயாரித்த எண்ணெய்க்கு அப்பெயரைச் சூட்டியது. ஆமணக்கு மூலக்கூறில் மின்முனைவுள்ள பகுதிகள் இருப்பதால் அது உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். பெட்ரோலில் எளிதில் கரையாது. குறையும் உண்டு: சூட்டில் பிசினாக இறுகிவிடும். வேதியியல் கண்ணால் பார்த்தால் ஆமணக்கெண்ணெய் ஓர் எஸ்டர். இன்றைய விலையுயர்ந்த சிந்தெட்டிக் பந்தய எண்ணெய்கள் பலவற்றிலும் எஸ்டர்தான் சேர்க்கிறார்கள். சிந்தெட்டிக் பழைய எஞ்சினுக்கு அந்நியம் என்போர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி, உண்மையான ஆபத்துக்கு வருவோம். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டில் முட்டை வடிவ மேடுகள் உள்ளன. இன்றைய பல எஞ்சின்களில் அந்த மேட்டின்மேல் சிறு உருளை உருண்டு போகிறது. பழையவற்றில் தட்டையான டேப்பட் வழுக்கிக்கொண்டு போகிறது. தொடும் இடம் ஒரு கோடு அளவே. அந்தக் கோட்டின்மேல் பந்தய ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் விழும். எண்ணெய்ப் படலம் அங்கே கிழிந்து உலோகத்தோடு உலோகம் உரசப் பார்க்கும்.

அந்தக் கணத்தில் காப்பது துத்தநாகமும் பாஸ்பரசும் கந்தகமும் கொண்ட ஒரு சேர்மம். சுருக்கமாக இசட்.டி.டி.பி. என்பார்கள். 1940-களில் எண்ணெய் கெடாமலும் பேரிங் அரிக்காமலும் இருக்கத்தான் இதைச் சேர்த்தார்கள். தேய்மானத்தைத் தடுக்கும் குணம் பிறகே தெரியவந்தது. (அறிவியலில் இப்படித் தற்செயலாகக் கிடைத்தவை கொஞ்சநஞ்சமல்ல.) உரசும் இடத்தின் சூட்டிலும் அழுத்தத்திலும் இது சிதைந்து, கண்ணாடி போன்ற பாஸ்பேட் படலமாக உலோகத்தின்மேல் படிகிறது. தடிமன் தலைமுடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். தேய்வது அந்தப் படலம், தப்பிப்பது கேம்.

பிறகு ஏன் சிக்கல்? எஞ்சின் சிறிதளவு எண்ணெயை எரிக்கும்போது பாஸ்பரஸ் புகையோடு வெளியேறி, புகைக்குழாயிலுள்ள வினையூக்கியின்மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. எனவே 2004-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரம், மெல்லிய வகை எண்ணெய்களில் பாஸ்பரசை 0.08 விழுக்காட்டுக்குள் அடக்கியது. காற்றுத் தூய்மைக்கு அது சரியான முடிவு. உருளை வைத்த எஞ்சினுக்கும் பாதிப்பில்லை. 1960-களின் கேமுக்கோ கவசத்தைக் கழற்றியதுபோல் ஆயிற்று. இதே காலத்தில் புதிய கார்களுக்குச் சிந்தெட்டிக்கும் பரவியதால் பழி அதன்மேல் விழுந்தது. பாஸ்பரஸ் குறைந்த கனிம எண்ணெயை ஊற்றினாலும் அதே கேம் அதேபோல் தேயும்.

ஒழுகும் என்ற குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பாலிஆல்ஃபாஒலிஃபின் தனியாக இருந்தால் ரப்பர் சீல்களைச் சற்றுச் சுருங்கச் செய்யும்; இப்போது எஸ்டர் கலந்து அதைச் சரிக்கட்டுகிறார்கள். இன்னொரு காரணம் அழுக்கு. பல்லாண்டு படிந்த கசடு சீல் ஓரத்து விரிசலை அடைத்துக்கொண்டிருக்கும். புதிய எண்ணெயிலுள்ள சுத்திகரிப்புச் சேர்மம் அதைக் கரைத்ததும் விரிசல் வெளிப்படும். எண்ணெய் வடிகட்டியே இல்லாத மிகப் பழைய எஞ்சினில் கரைந்த கசடு நேரே பேரிங்குக்குப் போகும். அதனால் எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்த பிறகு மாற்றுவதே நல்லது.

படிவம் 4 மாணவர்களிடம் எது நல்ல எண்ணெய் என்று கேட்டால் "கெட்டியானது" என்பார்கள். கெட்டி என்பது இடைவெளியைப் பொறுத்தது. தண்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பேரிங் இடைவெளிக்குப் பட்டறைகளின் பழைய கணக்கு. இன்றைய 0டபிள்யூ-20 எண்ணெயின் பாகுத்தன்மை 100 பாகையில் 9.3 சென்டிஸ்டோக்சுக்கும் குறைவு. 20டபிள்யூ-50 எண்ணெய்க்கு அது குறைந்தது 16.3. தளர்வான பழைய பேரிங்கில் முன்னது நிற்காமல் ஓடிவிடும், எண்ணெய் அழுத்தமும் விழும். 20டபிள்யூ-50 சிந்தெட்டிக்கிலும் கிடைக்கிறது. பாஸ்பரஸ் 0.12 விழுக்காடு அளவில் உள்ள பந்தய வகையாகப் பார்த்து வாங்கினால் கேமும் பேரிங்கும் பிழைக்கும்.

புதிதாகக் கட்டிய எஞ்சினுக்கு மட்டும் விதிவிலக்கு. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு படிய முதலில் சற்று உரச வேண்டும். அதற்கென்றே துத்தநாகம் மிகுந்த கனிம எண்ணெய் உண்டு. தட்டை டேப்பட் கேமை முதல் இருபது நிமிடம் 2,000 சுழற்சிக்குக் குறையாமல் ஓட விடுவார்கள். வேகம் குறைந்தால் கேமுக்குத் தெறிக்கும் எண்ணெய் போதாது. பல கேம்கள் சாவது பந்தயத்தில் அல்ல, இந்த இருபது நிமிடத்தில்தான். பிறகு எண்ணெயை வடித்துவிட்டுச் சிந்தெட்டிக்குக்கு மாறலாம்.

அனுபவசாலிகள் அதோடு விடுவதில்லை. பந்தயம் முடிந்து எஞ்சின் சூடாக இருக்கும்போதே சிறு புட்டியில் எண்ணெய் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். இரும்பு கூடியிருந்தால் கேம்மேல் சந்தேகம். செம்பும் ஈயமும் கூடியிருந்தால் பேரிங்மேல். வடிகட்டியையும் அறுத்து, உள்ளே மடித்த தாளை விரித்து, காந்தத்தால் ஒருமுறை தடவிப் பார்ப்பார்கள். காந்தத்தில் ஏதேனும் மினுமினுத்தால் அந்தக் காரை அடுத்த பந்தயத்தில் பார்க்க முடியாது.