பூட்டிய வீட்டைப் படமெடுக்க என்ன கேமிரா வேண்டும்?

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் போன்ற நம் கடலோர ஊர்களின் பழைய தெருக்களில் நடந்து பாருங்கள். பூட்டுத் தொங்கும் பெரிய வீடுகள் பல கண்ணில் படும். கடல் கடந்த வணிகத்தின் செழிப்பால் எழுந்தவை அவை. பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் ஹாங்காங்கிற்கும் சென்று குடியேறிவிட்டனர். முற்றத்தில் வெயிலும் மழையும் மட்டுமே வந்து போகின்றன.

இத்தகைய வீடுகள் என்றைக்கும் இப்படியே நிற்கப் போவதில்லை. பாகப் பிரிவினை முடிந்ததும் இடிக்கப்படும். அல்லது உத்தரம் உளுத்துத் தானே விழும். அதன் பிறகு பேரப்பிள்ளைகளிடம் காட்ட நம் கையில் என்ன இருக்கும்? உங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். மணமகன் இருப்பார், உறவினர் இருப்பர். அவர்களுக்குப் பின்னால் பாதித் தூணும் கால் கதவும் தெரியும். வீட்டையே எடுத்த படம் பெரும்பாலும் ஒன்றுகூட இராது. இக்குறையை இப்போதே நீக்கிக் கொள்ளலாம். அதற்கு என்ன கருவி தேவை, எதை முதலில் வாங்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் முக்காலி

கேமிராவைப் பற்றிக் கேட்டால் முக்காலியைச் சொல்கிறாரே என எண்ண வேண்டாம். பூட்டிய வீட்டின் முதல் இடர்ப்பாடு இருட்டு. ஒரே ஒரு சன்னல் திறந்த அறையில், ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப் 8 என வைத்தால் ஷட்டர் 8 வினாடிகள் திறந்திருக்க வேண்டி வரலாம். துளையை எஃப் 4 ஆக விரித்து, ஐ.எஸ்.ஓ.வை 1600-க்கு உயர்த்தினாலும் 8-இல் ஒரு வினாடி ஆகும். சாதாரணமாகக் கையில் பிடித்து எடுத்தால் அதுவும் அசைந்து மங்கலாகும் அபாயம் உண்டு.

ஆனால் வீடு ஓடிவிடப் போவதில்லை! கனமான முக்காலி ஒன்று இருந்தால் பழைய கேமிராவும் தெளிவான படம் தரும். விரலால் பொத்தானை அழுத்தும் அசைவும் படத்தைக் கெடுக்கும் என்பதால், 2 வினாடி டைமரைப் பயன்படுத்துங்கள். லென்ஸில் அசைவு தடுக்கும் வசதி இருப்பின், முக்காலியில் வைத்ததும் அதை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது லென்ஸ்

இரண்டாவது இடர்ப்பாடு இடமின்மை. பிலிம் அளவுள்ள, அதாவது 36க்கு 24 மி.மீ. சென்சார் கொண்ட முழு ஃபிரேம் கேமிராவில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, சுவரிலிருந்து 12 அடி தள்ளி நின்றால், சுவரின் அகலத்தில் ஏறத்தாழ 9 அடி மட்டுமே படத்தில் அடங்கும். 24 மி.மீ. லென்ஸானால் 18 அடி அடங்கும். 16 மி.மீ. என்றால் 27 அடி. எனினும் அகலம் கூடக்கூட ஓரத்திலுள்ள பொருள்கள் இழுபடும். சிறிய அறையும் மண்டபம் போலத் தோன்றும். உள்ளது உள்ளபடி தெரிய வேண்டுமானால் பெரும்பாலான படங்களுக்கு 24 மி.மீ. பார்வையே ஏற்றது.

சிறிய சென்சார் கொண்ட ஏ.பி.எஸ்.-சி கேமிராக்களில் இதே பார்வைக்கு 16 மி.மீ. லென்ஸ் வேண்டும். அவற்றுடன் வரும் 18-55 லென்ஸ் ஓரளவு போதும். போதாதவர்கள் 10-18 வகை லென்ஸை நாடலாம். 2014-இல் கேனான் நிறுவனம் தன் ஏ.பி.எஸ்.-சி கேமிராக்களுக்கென வெளியிட்ட 10-18 லென்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கேமிரா கடைசியில்தான்

முக்காலி இருக்கும்போது கேமிராவின் விலை பெரிய பொருட்டன்று. மூன்றை மட்டும் பாருங்கள்: ஷட்டர், துளை இரண்டையும் நாமே அமைக்க இயல வேண்டும், ரா கோப்பாகப் பதிய வேண்டும், வெவ்வேறு வெளிச்ச அளவில் தொடர்ந்து மூன்று படங்கள் எடுக்கும் வசதி வேண்டும்.

இம்மூன்றாவது வசதி எதற்கு? அறை இருண்டிருக்க, சன்னல் கண்ணைக் கூசும். அறைக்கு அளவு வைத்தால் சன்னல் வெளுத்துப் போகும். சன்னலுக்கு வைத்தால் அறை கறுத்துப் போகும். சரியான அளவில் ஒன்று, இரண்டு படி குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று என எடுத்து, பின்னர் கணினியில் இணைத்தால் சன்னலும் துலங்கும், சுவரும் துலங்கும்.

கேமிரா வாங்க வசதியில்லையே என வருந்த வேண்டாம். கைப்பேசியை முக்காலியில் பொருத்தும் பிடிப்பான் ஒன்று வாங்குங்கள். கைப்பேசியின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24 மி.மீ.க்கு நெருங்கிய பார்வையே கொண்டது. இரவு முறையில் அது பல படங்களை எடுத்துத் தானே இணைத்துக் கொள்ளும்.

பழையது வாங்குவோர் கவனத்திற்கு

கடற்காற்று வீசும் ஊர்களில் லென்ஸுக்குப் பெரும்பகை பூஞ்சை. லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் வாங்காதீர்கள். வாங்கிய பின் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். தூசு படிந்த வீட்டினுள் லென்ஸைக் கழற்றி மாட்டவே கூடாது.

உள்ளே நுழையுமுன்

சொந்த வீடானாலும் பங்காளிகள் அனைவரிடமும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். பிறர் வீடானால் அனுமதியின்றி வாசற்படி மிதிக்கலாகாது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னங்களில் முக்காலி வைக்கத் தனி அனுமதி பெற வேண்டும். தனியே செல்லாதீர்கள். பாம்பு இருக்கலாம், மாடித் தளம் உளுத்திருக்கலாம். கனத்த காலணியும், டார்ச்சும், வௌவால் எச்சத் தூசுக்கு முகக் கவசமும் கட்டாயம். இருட்டில் ஃபோகஸ் கிடைக்காவிடில், அதே டார்ச்சைக் கதவின் விளிம்பில் அடித்து ஃபோகஸ் செய்யலாம்.

எவற்றை எடுப்பது?

ஒவ்வோர் அறையையும் எதிரெதிர் மூலைகளிலிருந்து இரண்டு படம். கேமிரா மட்டமாக இருக்கட்டும். அண்ணாந்து பார்த்தால் தூண்கள் சாய்ந்து தெரியும். பிறகு கதவின் செதுக்கல், சன்னல் கம்பி, தரையின் ஓடு, சுவரில் கரியால் எழுதிய கணக்கு என நெருங்கிச் செல்லுங்கள். அளவு தெரிய ஓர் அடிக்கோலையும் உடன் வைத்து எடுங்கள்.

இறுதியாக, அப்படங்களுடன் வீட்டின் மூத்த பெண்மணியிடம் அமருங்கள். இந்த அறை யாருடையது, எந்த மகளின் திருமணத்திற்காக இந்த மாடி எழுந்தது என்று அவர் சொல்வதைப் படத்திற்குப் படம் எழுதி வையுங்கள். எந்த லென்ஸாலும் பிடிக்க இயலாத பகுதி அதுவே. வீட்டைப் போலவே அந்நினைவும் நெடுநாள் காத்திராது.