அறுவை சிகிச்சையில் ஒவ்வாமை: எந்த மருந்து காரணம்?

முழங்கால் மாற்று போன்ற அறுவை சிகிச்சைகளில், கிருமித் தொற்றைத் தடுக்க ஆன்டிபயாட்டிக் மருந்து ஒன்றை முன்கூட்டியே நரம்பு வழியாகக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அது செஃபாசோலின். மிகச் சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம். மயக்கத்தில் இருக்கும் உங்களால் அரிக்கிறது என்று சொல்ல முடியாது. போர்த்திய துணிக்கு அடியில் தடிப்பும் தெரியாது. இரத்த அழுத்தம் திடீரென இறங்குவதே பல நேரங்களில் முதல் அறிகுறி. மயக்க மருந்து நிபுணர் உடனே அட்ரினலின் கொடுப்பார்.

அந்தச் சில நிமிடங்களில் மயக்க மருந்து, தசை தளர்த்தும் மருந்து, ஆன்டிபயாட்டிக் எல்லாம் உடலுக்குள் சென்றிருக்கும். தோலைத் துடைத்த குளோரெக்சிடின்கூடக் காரணமாகலாம். பிரிட்டனில் 2018-ல் வெளியான பெரிய ஆய்வில், காரணம் தெரிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆன்டிபயாட்டிக், மூன்றில் ஒருவருக்குத் தசை தளர்த்தும் மருந்து. ஊகத்தில் ஒன்றை மட்டும் தவிர்த்தால், உண்மையான மருந்தை அடுத்த முறையும் உங்களுக்குக் கொடுத்துவிடக்கூடும்.

அன்றே இரத்தத்தில் டிரிப்டேஸ் அளவைப் பார்ப்பார்கள். அது உயர்ந்திருந்தால் ஒவ்வாமை என்பதற்குச் சான்று. எந்த மருந்தால் என்று அது சொல்லாது. அதற்குத் தோல் சோதனை வேண்டும். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் கழித்தே செய்வார்கள். உடனே செய்தால் ஒவ்வாமை இருந்தும் இல்லை என்று காட்டிவிடலாம். ஆகவே தாமதத்தைக் கண்டு கவலை வேண்டாம். ஈசூனில் கூ டெக் புவாட் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றிருந்தாலும், இதற்காக நீங்கள் வேறு இடத்திலுள்ள ஒவ்வாமை நிபுணரிடம் அனுப்பப்படலாம்.

முன்கையில் ஒவ்வொரு மருந்தையும் ஒரு துளி வைத்து இலேசாகக் குத்துவார்கள். பிறகு மிகச் சிறிய அளவைத் தோலுக்குள் செலுத்தி, 15 முதல் 20 நிமிடம் காத்திருப்பார்கள். கொசு கடித்ததுபோல் வீங்குகிறதா என்று பார்ப்பார்கள். சளி, அரிப்பு மாத்திரைகள் முடிவை மாற்றிவிடும். எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று கேளுங்கள். இரத்த அழுத்த, இதய மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. நம்மில் பலர் "பென்சிலின் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்போம். வாந்தி, வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் தடிப்பு எல்லாவற்றுக்கும் தமிழில் அந்த ஒரே சொல்தான். மருத்துவருக்கு அவை வெவ்வேறு. அப்படிச் சொல்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, சோதித்தால் ஒவ்வாமை இருப்பதில்லை. என்ன நடந்தது, எந்த வயதில், மருந்து கொடுத்து எவ்வளவு நேரத்தில் என்று சொல்லுங்கள்.

முடிவு வந்ததும் தவிர்க்க வேண்டிய மருந்தின் பெயரையும், பாதுகாப்பானவற்றின் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பலதுறை மருந்தகத்திலும் பல் மருத்துவரிடமும் அந்தத் தாளைக் காட்டுங்கள். பிரதி ஒன்று பிள்ளைகளிடமும் இருக்கட்டும்.