ஒரே நாளில் டெல்லி... பார்க்கும் இடங்களை அப்பத்தா தேர்ந்தெடுத்தால்?

தமிழ்நாட்டிலிருந்து டெல்லியைப் பார்ப்பதற்கென்றே கிளம்பும் குடும்பங்கள் குறைவுதான். காசிக்குப் போவோம், ஹரித்வாருக்குப் போவோம், விடுமுறை கிடைத்தால் மணாலி. போகிற வழியிலோ திரும்புகிற வழியிலோ டெல்லியில் ஒரு பகல் கிடைக்கும். காலையில் ஒரு ரயிலிலிருந்து இறங்கி, இரவு இன்னொரு ரயிலில் ஏறுவதற்குள் நாட்டின் தலைநகரைப் பார்த்து முடித்தாக வேண்டும்.

கடந்த பிப்ரவரியில் எங்களுக்கும் அப்படி ஒரு பகல் கிடைத்தது. காசியிலிருந்து வந்த ரயில் காலை எட்டரைக்குப் புது டெல்லி நிலையத்தில் விட்டது. சென்னைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு ஒன்பது மணிக்கு மேல். அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் தம்பி, நான், 74 வயது அப்பத்தா என ஐந்து பேர். கையில் பன்னிரண்டரை மணி நேரம்.

ஸ்டேஷன் வாசலைத் தாண்டுவதற்குள் ஒருவர் லேமினேட் செய்த அட்டையோடு வந்துவிட்டார். 'எட்டு மணி நேரத்தில் 12 இடங்கள்!' செங்கோட்டை, ராஜ்காட், இந்தியா கேட், குடியரசுத் தலைவர் மாளிகை, பிர்லா மந்திர், தாமரைக் கோயில், குதுப் மினார், அக்‌ஷர்தாம் என்று வரிசையாகப் படங்கள். அப்பா பர்ஸைத் தொட்டேவிட்டார்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். செங்கோட்டை பழைய டெல்லியில் வடக்கே இருக்கிறது. குதுப் மினார் தெற்கே மெஹ்ரோலியில். இரண்டுக்கும் நடுவே சாலை வழியாகச் சுமார் 20 கிலோமீட்டர். அக்‌ஷர்தாமோ யமுனைக்கு அந்தப் பக்கம். அங்கே செல்போனுக்கு அனுமதி கிடையாது. கொடுத்துவிட்டுப் போகவும் திரும்ப வாங்கவும் தனித்தனி வரிசை. உள்ளே நிதானமாகப் பார்த்தால் மூன்று மணி நேரம் ஓடிவிடும். இதோடு டிராஃபிக், செக்யூரிட்டி செக், பார்க்கிங்கிலிருந்து வாசல் வரை நடை. 12 இடங்களில் பாதியையாவது வண்டியின் வேகத்தைக் குறைத்து ஜன்னல் வழியாகத்தான் காட்ட முடியும். வேறு வழியே இல்லை.

"அத்தை இனிமே இந்தப் பக்கம் வரப்போறதில்ல. அவங்க எதைப் பார்க்கணும்னு சொல்றாங்களோ அதை முதல்ல வைப்போம். மிச்சத்தை அதைச் சுத்திப் போட்டுக்கலாம்" என்றார் அம்மா. தம்பி முகத்தைச் சுளித்தான். அவன் போனில் ரீல்ஸ் பார்த்துச் சேமித்து வைத்திருந்த இடங்கள் மட்டும் ஒன்பது.

அப்பத்தாவிடம் கேட்டோம். யோசிக்கவே இல்லை. "இந்திரா காந்தி வீடு."

மஞ்சள் கோடு போதும்

டெல்லி மெட்ரோவின் வரைபடத்தைப் பார்த்தால் மிரண்டுவிடுவீர்கள். ஒரே நாள்தான் இருக்கிறதென்றால் மஞ்சள் வழித்தடத்தை மட்டும் பார்த்தால் போதும். சாந்தினி சௌக், புது டெல்லி ரயில் நிலையம், கன்னாட் பிளேஸுக்கான ராஜீவ் சௌக், இந்தியா கேட் பக்கம் போக சென்ட்ரல் செக்ரடேரியட், தலைவர்களின் நினைவில்லங்களுக்கு லோக் கல்யாண் மார்க், கடைசியில் குதுப் மினார் எல்லாம் அதே கோட்டில் இருக்கின்றன. ரயில் மாறவே வேண்டாம். ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு. லிஃப்ட் உண்டு. அப்பத்தாவின் முழங்காலுக்கு அன்றைக்கு இதுதான் பெரிய உதவி.

முதலில் பெட்டிகளை ஸ்டேஷன் கிளோக் ரூமில் போட்டோம். பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள். ரயில் டிக்கெட்டையும் கேட்பார்கள். மெட்ரோ இருப்பது அஜ்மேரி கேட் பக்கம். முதல் பிளாட்ஃபாரம் இருக்கும் பஹார்கஞ்ச் பக்கமாக வெளியே வந்துவிட்டால், மொத்த ஸ்டேஷனையும் மேம்பாலத்தில் கடந்து திரும்ப வேண்டும். வயதானவர்களோடு போகிறவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளித்து, டீ குடித்து, பத்து மணிக்கு மெட்ரோ ஏறினோம். குதுப் மினாரை முதலில் வைத்ததற்குக் காரணம் வெயில். வெட்டவெளி என்பதால் காலையில்தான் சுகம். மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து கோபுரம் கொஞ்ச தூரம் தள்ளி இருக்கிறது, ஆட்டோ பிடிக்க வேண்டும்.

சுமார் 73 மீட்டர் உயரம். குத்புதீன் ஐபக் ஆரம்பித்து, இல்துத்மிஷ் உயர்த்தி, மின்னல் தாக்கிய மேல்பகுதியைப் பிறகு ஃபிரோஸ் ஷா துக்ளக் சரிசெய்த கோபுரம். 1981-ல் உள்ளே நடந்த நெரிசலில் 45 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக் குழந்தைகள். அதன் பிறகு மேலே ஏற யாருக்கும் அனுமதி இல்லை.

அப்பத்தா கோபுரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்ததோடு சரி. அவர் நின்றது அதே வளாகத்தில் இருக்கும் இரும்புத் தூணின் முன்னால். குப்தர் காலத்தது, சுமார் 1,600 வருடப் பழசு, ஆறு டன்னுக்கு மேல் எடை. மழையிலும் வெயிலிலும் நின்றும் துருப்பிடித்து உதிரவில்லை. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஆர்.பாலசுப்ரமணியம் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர். அந்தக் கால இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் தூணின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகி, உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கிறது என்று விளக்கியவர். நான் இதைப் படித்துச் சொன்னதும், "நம்ம வீட்டு கேட்டு ரெண்டு மழைக்குத் தாங்கல... அந்த ஆசாரியைக் கூட்டியாந்து இதைக் காட்டணும்" என்றார் அப்பத்தா.

பிரிந்து போனால் தப்பில்லை

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பி பட்டேல் சௌக்கில் இறங்கி, அசோகா ரோட்டில் இருக்கும் ஆந்திரா பவன் கேன்டீனுக்குப் போனோம். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். ஆனால், மூன்று நாளாகப் பூரியும் கச்சோரியும் சாப்பிட்ட வயிற்றுக்கு அந்தச் சோறும் பருப்புப் பொடியும் நெய்யும் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்கக் கேட்கப் பரிமாறுகிறார்கள்.

தம்பி அங்கேதான் கழன்றுகொண்டான். பட்டேல் சௌக்கிலிருந்து நாலாவது ஸ்டேஷன் சாந்தினி சௌக். "நான் செங்கோட்டைக்குப் போயிட்டு அஞ்சு மணிக்கு இந்தியா கேட்ல வந்து நிக்கிறேன்" என்றான். அப்பாவுக்கு மனசே இல்லை. ஆனால், ஐந்து பேரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் சுற்றினால் இளையவனுக்கு எரிச்சல், மூத்தவருக்குக் கால்வலி. நேரத்தையும் இடத்தையும் பேசிவைத்துக்கொண்டு பிரிவது எவ்வளவோ மேல்.

அவன் போய்ப் பார்த்து வந்து சொன்னது ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு சுதந்திர தினத்திலும் டி.வி.யில் பார்க்கிற கொடியேற்றம் அங்கே லாகூர் வாசலில் நடப்பது. நேரு அங்கே முதன்முதலில் கொடியேற்றியது 1947 ஆகஸ்ட் 15 இல்லை, 16. இத்தனை வருடம் பள்ளியில் பேச்சுப்போட்டிக்குப் போயும் எனக்கு இது தெரியாது!

சஃப்தர்ஜங் ரோடு, எண் 1

நாங்கள் நாலு பேரும் ஆட்டோவில் இந்திரா காந்தி நினைவில்லத்துக்குப் போனோம். கட்டணம் கிடையாது. பிரதமரின் வீடு என்றால் அரண்மனையை எதிர்பார்ப்போம். இது அளவான ஒரு பங்களா. அவர் படித்த அறை, பூஜை அறை, சாப்பாட்டு மேஜை எல்லாவற்றையும் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.

அப்பத்தா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். "எம்.ஜி.ஆரு மேலுக்கு முடியாம ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அந்தம்மா மெட்ராசுக்கு வந்து பாத்துட்டுப் போச்சு. அந்த மாசமே சுட்டுப்புட்டாங்கன்னு ரேடியோவுல சொல்றான். எங்க தெருவுல அன்னிக்கு ஒரு வீட்டுலயும் உலை வைக்கல தாயி." 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அப்போலோவில் இருந்தபோது இந்திரா வந்து பார்த்ததும், அந்த மாதம் 31-ம் தேதி இந்திரா கொல்லப்பட்டதும் நான் படித்துத் தெரிந்துகொண்ட செய்திகள். அப்பத்தாவுக்கு அப்போது 33 வயது.

அன்றைக்கு உடுத்தியிருந்த சேலையை வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் பேச்சு நின்றுவிட்டது. நானும் அம்மாவும் அடுத்த அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தும் அப்பத்தா அங்கேயே நின்றார். பின்னால் வந்த கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது.

அப்பாவை நிறுத்தியது இன்னொரு கண்ணாடிப் பெட்டி. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி அணிந்திருந்த உடையில் மிஞ்சியது. டெல்லியில் ஒரு வீட்டுக்குள் நம் ஊர்ப் பெயரை அப்படிப் படிப்பது என்னவோ செய்கிறது. அப்பாவுக்கு அப்போது 18 வயது. மறுநாள் பஸ் ஓடாததால் 11 கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வந்த கதையை முதல் தடவையாக எங்களிடம் சொன்னார்.

வெளியே தோட்டத்தில், அன்று காலை இந்திரா கடைசியாக நடந்து போன பாதையைக் கண்ணாடி பதித்து மூடியிருக்கிறார்கள். பக்கத்து அக்பர் ரோடு அலுவலகத்தில் காத்திருந்த டி.வி. குழுவுக்குப் பேட்டி கொடுக்கப் போன வழி. அப்பத்தா செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பாதையின் ஓரமாகவே கடைசிவரை நடந்தார். முழங்கால் வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. 12 இடங்கள் அட்டையில் இந்த வீடு இல்லை.

அங்கிருந்து ஆட்டோவில் சில நிமிடம் போனால் தீஸ் ஜனவரி மார்க்கில் காந்தி ஸ்மிருதி. அந்தச் சாலைக்கே ஜனவரி 30 என்றுதான் பெயர். காந்தி தன் கடைசி 144 நாள்களைக் கழித்த பிர்லா மாளிகை. அவருடைய அறையிலிருந்து பிரார்த்தனை மைதானம் வரை, கடைசியாக நடந்த அடிகளை சிமென்ட்டில் பாதங்களாகப் பதித்திருக்கிறார்கள். ஒரே மதியத்தில் இரண்டு கடைசி நடைகளைப் பார்ப்பது கனமான விஷயம்தான். குழந்தைகளோடு போகிறவர்கள் ஏதாவது ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பெயர்களின் சுவர்

ஐந்து மணிக்கு இந்தியா கேட். தம்பி சொன்ன நேரத்துக்கு வந்து, பாதி ஜிலேபிப் பொட்டலத்தோடு நின்றிருந்தான். 42 மீட்டர் உயர வளைவு, புல்வெளி, ஐஸ்க்ரீம், போட்டோ. எல்லோரும் அதோடு திரும்பிவிடுகிறார்கள். அதன் பின்னாலேயே 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவிடம் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்கொடுத்த 25,000-க்கும் அதிகமான வீரர்களின் பெயர்கள், ஒரு வீரருக்கு ஒரு கல் என்று, வட்ட வட்டச் சுவர்களில். 'அமரன்' பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு மேஜர் முகுந்த் வரதராஜனின் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆனால், சுவரைப் பார்த்ததும்தான் அதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று தெரிந்தது. எங்களுக்கு இருந்தது அரை மணி நேரம். பெயர் கண்ணில் படவில்லை.

பக்கத்தில் பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் இருக்கின்றன. அதில் 1987-ல் இலங்கையில் அமைதிப்படையில் இருந்தபோது இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனைக் கண்டுபிடித்து அம்மா அங்கே கும்பிட்டுக்கொண்டார். ஆற அமர வந்தால் போர் நினைவிடத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஏழு மணிக்கு சென்ட்ரல் செக்ரடேரியட்டில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் புது டெல்லி. நடுவில் ராஜீவ் சௌக்கில் இறங்கி, இரவுக்கு இட்லி பார்சல் வாங்கிக்கொண்டோம்.

டிக்கெட் போடும்போதே ஒன்றைப் பாருங்கள். திங்கட்கிழமை டெல்லியில் இறங்காதீர்கள். செங்கோட்டை, அக்‌ஷர்தாம், தாமரைக் கோயில், இந்திரா நினைவில்லம், காந்தி ஸ்மிருதி எல்லாமே திங்கள் விடுமுறை. திங்கள்தான் வாய்த்தது என்றால் குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, போர் நினைவிடம் மூன்றும் திறந்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் போகிறவர்களுக்கு இன்னொன்று: பனிமூட்டத்தில் காலை ரயில் பல மணி நேரம் தாமதமாக வரலாம். பகல் பாதியாகிவிடும். அதனால் முக்கியமான ஓர் இடத்தை மட்டும் முன்கூட்டியே முடிவுசெய்துவிடுங்கள்.

ரயிலில் அப்பத்தாவுக்கு லோயர் பெர்த். தம்பி தன் போனில் செங்கோட்டைப் படங்களைக் காட்ட, ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டுப் பார்த்தார். "ஆக்ரா வந்தா எழுப்பு தாயி, தாஜ்மகால் தெரியுதான்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். நள்ளிரவு நெருக்கத்தில் ஆக்ரா வந்தபோது, எழுப்ப எனக்கு மனசு வரவில்லை.